வியாழக்கிழமை எண்ணும் உங்கள் வேலையும்

தம்பி, நியூஜெர்சிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, எச்-1பி என்ற வேலை விசா, வியாழக்கிழமை தோறும் டிவியில் "வேலையிழப்பு விண்ணப்பங்கள் எகிறின" என்று பார்த்தால் அன்று ராத்திரி தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அது தப்பான இடத்தில் இருக்கிறது.

வேலை போனவர்கள் அவரவர் மாநிலத்தில் அன்எம்ப்ளாய்மென்ட் பணம் கேட்டு விண்ணப்பிப்பார்கள். சனிக்கிழமையோடு முடியும் வாரத்தில் புதிதாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று மத்திய தொழிலாளர் துறை அடுத்த வியாழன் காலை 8.30க்குச் சொல்கிறது. அவ்வளவுதான். மாதாமாதம் வரும் வேலையில்லா விகிதம் வேறு. அது சுமார் 60,000 வீடுகளில் கேட்டு எடுப்பது.

டிவி சொல்வது பருவத்துக்கு ஏற்பச் சரிசெய்த எண். பண்டிகைக் கால வேலைகள் முடிந்ததும் ஜனவரியில் விண்ணப்பங்கள் குவிவது வழக்கம், அதைக் கழித்துவிட்டுத்தான் சொல்வார்கள். 2024 ஜனவரி முதல் வாரத்தில் தலைப்பில் வந்தது சுமார் 2 லட்சம். அதே அறிக்கையில் உள்ள அசல் எண் 3 லட்சத்துக்கு மேல். இப்படிக் கணக்குப் போட்டு வரும் எண்ணில் ஐயாயிரம், பத்தாயிரம் கூடுவதும் குறைவதும் சாதாரணம். அடுத்த வாரமே திருத்தவும் செய்வார்கள், அந்தத் திருத்தம் தலைப்புக்கு வராது. "எதிர்பார்த்ததைவிட அதிகம்" என்றால், பொருளாதார நிபுணர்கள் சிலரின் ஊகம் தவறிவிட்டது என்றுதான் அர்த்தம். நான்கு வாரச் சராசரியைப் பாருங்கள், போதும். நிஜமான ஏற்றம் வந்தால் கேட்கவே வேண்டாம்: 2020 மார்ச்சில் 3 லட்சத்துக்குக் கீழே இருந்தது ஒரே வாரத்தில் 30 லட்சம் அளவுக்குப் போனது.

இனி முக்கியமான விஷயம். வேலை போன எச்-1பிகாரர்களுக்குப் பெரும்பாலும் அன்எம்ப்ளாய்மென்ட் கிடைக்காது. உடனே வேறு வேலைக்குப் போகத் தயார் என்ற நிபந்தனைக்கு நம் விசா ஒத்துவராது. அதனால் நம்மில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேர், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர் என்று அறிவித்த மாதங்களில் இந்த எண் 2 லட்சத்தை ஒட்டியே இருந்தது. "வேலைச் சந்தை வலுவாக இருக்கிறது" என்று டிவி சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் அபார்ட்மென்டில் ஒரு குடும்பம் பிள்ளையின் பள்ளி டி.சி.க்கு அலைந்துகொண்டிருந்தது. எண் ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் கதை அதில் இல்லை, தம்பி.

நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் கம்பெனியின் காலாண்டு அறிக்கையை. கிளையன்ட் புராஜெக்ட் எப்போது முடிகிறது என்பதை. மாநிலத் தொழிலாளர் துறை வெளியிடும் வார்ன் நோட்டீஸ் (பெரிய ஆட்குறைப்புக்கு முன் கம்பெனிகள் தர வேண்டிய முன்னறிவிப்பு) பட்டியலையும் பாருங்கள். பெரிய ஆட்குறைப்பு என்றால் கம்பெனியின் பெயர் பெரும்பாலும் அதில் வரும்.

வேலை போனால் வேறு வேலை தேடவோ கிளம்பவோ உங்களுக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாள். ஐ-94 (எதுவரை இங்கே தங்கலாம் என்ற பதிவு) அதற்கு முன்பே முடிந்தால், அந்தத் தேதி வரைதான். இன்றைக்கே பே ஸ்டப் (சம்பள ரசீது), ஐ-797 (விசா மனு அனுமதிக் கடிதம்), ஐ-94, டிகிரி சான்றிதழ் எல்லாவற்றையும் ஆபீஸ் லேப்டாப்பில் விடாமல் உங்கள் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை போகிற அன்று லேப்டாப்பைத்தான் முதலில் பூட்டுவார்கள். புதுக் கம்பெனியின் வக்கீல் முதலில் கேட்பதும் இந்தக் காகிதங்களைத்தான்.