டாக்டர் வேண்டாம், உயிரியல் ஆராய்ச்சிதான் என்கிறாள் மகள்: எந்த குரூப் எடுப்பது?

பத்தாவது முடித்த மகளுக்கு நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு நேரடியான பதில்: இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணக்கும் உள்ள பயோ-மேத்ஸ். நீட்டுக்குக் கணக்கு தேவையில்லை என்று பலர் கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் எடுக்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் போகிறவளுக்கு அது கையைக் கட்டிவிடும். ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வின் 60 கேள்விகளில் 15 கணக்கு. நமக்குப் பக்கத்திலிருக்கும் திருப்பதி ஐசருக்கும் அதே தேர்வுதான். பிறகும் கணக்கு விடாது. மரபணு வரிசைகளை ஒப்பிடவும் பள்ளிக்கரணைப் பறவைகளின் எண்ணிக்கையை மதிப்பிடவும் புள்ளியியல் வேண்டும்.

ஐசர் கிடைக்காவிட்டால் பி.எஸ்சி.யில் விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் எதுவானாலும் நல்லதே. பட்டத்தில் பயோடெக்னாலஜி என்று இருந்தால்தான் மதிப்பு என்பதை நம்பாதீர்கள். அட்மிஷனுக்கு முன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் மெஷினை மாணவர்களே இயக்குகிறார்களா, சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரியா என்று மூன்றாம் ஆண்டு மாணவி யாரிடமாவது தனியாக விசாரியுங்கள். கட்டணத்தைவிட இது முக்கியம்.

எம்.எஸ்சி.க்கு நுழைவுத் தேர்வு ஐஐடிகளில் ஜாம், மத்தியப் பல்கலைக்கழகங்களில் சியுஇடி-பிஜி. அதன் பிறகு, பிஎச்.டி. உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு. அதில் 200 மதிப்பெண்ணில் 100, சோதனை முடிவைக் கொடுத்து விளக்கம் கேட்கும் நான்கு மதிப்பெண் கேள்விகளுக்கு. தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் குறையும். கைடை மனப்பாடம் செய்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டைப் பணம் வாங்கிக்கொண்டு முடித்துத் தரும் லேப்கள் சென்னையில் உண்டு. தயவுசெய்து அங்கே போகவிடாதீர்கள். பிசிஆரில், ஒப்பிட்டுப் பார்க்க டிஎன்ஏ சேர்க்காமல் வைக்கும் கண்ட்ரோல் டியூபிலும் பேண்ட் (டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் கோடு) வந்தால் என்ன பொருள் என்று பிஎச்.டி. நேர்முகத்தில் கேட்பார்கள். எதிலோ கலப்படம் நடந்திருக்கிறது, ரீஏஜென்டை (சோதனைக்கான வேதிப்பொருளை) மாற்றித் திரும்பச் செய்ய வேண்டும் என்பது, தானே செய்து சொதப்பியவளுக்குச் சட்டென்று வரும். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ராஜா அண்ணாமலைபுரத்து உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், தரமணி எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவனம் ஆகியவற்றின் விஞ்ஞானிகளுக்கு ஆறு மாதம் முன்பே, அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, புராஜெக்ட்டுக்கு இடம் கேட்டு மகள் மெயில் எழுதட்டும். ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் பதில் வராது.

பண விஷயத்தையும் இப்போதே வீட்டில் பேசுங்கள். பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. ஏறக்குறைய ஐந்து ஆண்டு. நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. அதுவரை வருமானம் இராது. எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் மருந்து கம்பெனிகளின் தரக் கட்டுப்பாடு, நோயறியும் லேப் போன்ற வேலைகள் உண்டு. ஆனால் தனக்கென்று ஒரு கேள்வியை எடுத்து ஆராயும் பொறுப்பு பிஎச்.டி. இல்லாமல் அநேகமாகக் கிடைக்காது.