ஜாஸ் ஆல்பத்தில் டிரம்பெட் வாசிப்பவர் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. கூட வாசிக்கும் மூன்று பேர் யாராக இருந்தாலும் ஒன்றுதானே?

இல்லை. யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்றால், அந்த டிரம்பெட்காரர் அந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் கிடைக்கும்வரை காத்திருந்து ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போயிருக்கவே மாட்டார்.

உங்களுக்குப் பிடித்த ஒரு டிரம்பெட் கலைஞர் பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று நால்வர் குழுவோடு புது ஆல்பம் வெளியிட்டிருப்பதாகவும், அதில் அவர் வாசிக்காத இடங்கள் நிறைய இருப்பது ஏமாற்றமாக இருப்பதாகவும் கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் டிரம்பெட் சத்தத்தில் மயங்கி ஜாஸ் பக்கம் வந்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தப்பே இல்லை, நிறையப் பேர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். நான் டபுள் பேஸ் வாசிப்பவன். பல வருடமாக மற்றவர்கள் பெயரில் வரும் ஆல்பங்களில் வாசிக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனசு வரவில்லை.

பொறாமையில் எழுதுகிறான் என்று யாராவது கீழே வந்து சொல்வார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும், அட்டையில் அவர் பெயர் பெரிதாக வரத்தான் வேண்டும். மெட்டு எழுதுவது, பணம் புரட்டுவது, ஸ்டுடியோ பிடிப்பது, வெளியான பிறகு திட்டு வாங்குவது எல்லாம் அவர்தான். எனக்கு அந்த இடம் வேண்டாம், கேட்டதும் இல்லை.

சரி, முதலில் அந்த வாசிக்காத இடங்கள். டிரம்பெட்டில் சத்தம் பிறப்பது உதட்டில். மூன்று வால்வுகளும் காற்று போகும் குழாயின் நீளத்தை மாற்றும், அவ்வளவுதான். வால்வை ஒரே மாதிரி பிடித்துக்கொண்டே பல சுரங்களை ஊதலாம், அதில் எது வெளியே வர வேண்டும் என்பதை உதட்டின் இறுக்கமும் மூச்சும்தான் தீர்மானிக்கின்றன. பியானோக்காரர் சோர்ந்து போனாலும் கட்டையை அழுத்தினால் சுரம் வந்துவிடும். டிரம்பெட்காரரின் உதட்டுத் தசை சோர்ந்துவிட்டால் மேல் சுரம் வரவே வராது, மெதுவாக ஊத வேண்டிய சுரம் தொடங்கும்போதே உடையும். ஃப்ரெடி ஹப்பர்ட் அளவுக்கு பலமாக வாசித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவரே 1992இல் உதட்டில் காயம்பட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியவில்லை. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் நான்கு டிரம்பெட் இருக்கும், ஒருவர் ஓய்வெடுத்தால் தெரியாது. நால்வர் குழுவில் அவர் ஒருவர்தான். அவர் கருவியைக் கீழே இறக்கும் நேரத்திலும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது பாட்டைத் தாங்குவது அந்த 'யாராக இருந்தாலும் ஒன்று' ஆட்கள்.

டிரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸின் இரண்டாவது ஐவர் குழு 1967இல் பதிவு செய்த 'நெஃபர்டிட்டி' ஆல்பத்தின் தலைப்புப் பாடலைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் குழுவின் சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷார்ட்டர் எழுதிய மெட்டு. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் அந்த ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருக்கும், அவர்கள் இருவருக்கும் தனியாக வாசிக்கும் சோலோவே கிடையாது. கீழே பியானோவில் ஹெர்பி ஹான்காக்கும் பேஸில் ரான் கார்ட்டரும் டிரம்ஸில் டோனி வில்லியம்ஸும் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு மாதிரி கிளம்புவார்கள். அந்த டோனி வில்லியம்ஸ் 1963இல் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. பதினேழு வயதுப் பையன் ஒருவன் பின்னால் உட்கார்ந்து மைல்ஸ் டேவிஸின் இசை போகும் பாதையையே மாற்றினான்.

அதற்கு முன்னால் 1959இல் வந்த மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' உங்களிடம் கட்டாயம் இருக்கும். அதில் பியானோ பில் எவன்ஸ். ஆனால் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்ற ஒரு பாடலில் மட்டும் விண்டன் கெல்லி. அது பன்னிரண்டு பார் ப்ளூஸ் (பார் என்பது தாளக் கணக்கின் ஒரு சிறு அலகு), அதற்குக் கெல்லியின் கை வேண்டும் என்று மைல்ஸுக்குத் தெரிந்திருந்தது. ஒரே நாள் பதிவுக்கு இரண்டு பியானோக்காரர்கள்! கூட இருப்பவர் யாராக இருந்தாலும் சரி என்று நினைக்கிற தலைவர் இப்படிச் செய்வாரா? அதே ஆல்பத்தில் 'ப்ளூ இன் கிரீன்' தன்னுடைய மெட்டு என்று எவன்ஸ் சொல்லியிருக்கிறார், முதலில் வந்த தட்டில் மைல்ஸ் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை.

எனக்கு இன்னும் மனசு பாரமாக இருப்பது ரிச்சி பவல் விஷயத்தில்தான். 1956 ஜூன் 26 அன்று டிரம்பெட் மேதை கிளிஃபர்ட் பிரவுன் 25 வயதில் கார் விபத்தில் இறந்தார், ஜாஸ் கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அதே காரில் அவர் குழுவின் பியானோக்காரர் ரிச்சி பவலும் அவர் மனைவியும் இறந்து போனார்கள். அந்தக் குழுவுக்குப் பாடல்களை வடிவமைத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ரிச்சி பவல். பிரவுனைப் பற்றி எழுதும் பத்துப் பேரில் எத்தனை பேர் அவருக்கு ஒரு முழு வரி ஒதுக்குகிறார்கள்? அந்தக் குழு டிரம்ஸ் வாசித்த மேக்ஸ் ரோச் பெயரையும் பிரவுன் பெயரையும் சேர்த்தே தாங்கி வந்தது, அந்த மட்டில் சந்தோஷம்.

இப்போது என் அனுபவம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது.

நான் வாசித்த ஆல்பம் ஒன்று, டிரம்பெட், பேஸ், டிரம்ஸ், மூன்று பேர்தான். பியானோ வேண்டாம் என்பது எங்கள் டிரம்பெட்காரரின் முடிவு. பியானோ இல்லாமல் வாசிப்பது புதிதல்ல, ஜெர்ரி மல்லிகனும் டிரம்பெட் வாசித்த செட் பேக்கரும் 1952லேயே அப்படி ஒரு நால்வர் குழு வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே டிரம்பெட்டுக்குத் துணையாக மல்லிகனின் சாக்ஸபோன் இருந்தது. எங்களிடம் அதுவும் கிடையாது. கார்டு, அதாவது மெட்டுக்குக் கீழே சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரக் கூட்டு, எது என்று கேட்பவருக்குச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. நான் ஒரு சுரம் மாற்றினால் டிரம்பெட் ஊதும் சுரத்தின் அர்த்தமே மாறிவிடும்.

மூன்று பேரும் ஒரே அறையில், ஹெட்ஃபோன் இல்லாமல் வாசித்தோம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் டிரம்பெட் சத்தம் என் மைக்கிலும் ஏறும், சிம்பல் சத்தம் எல்லா மைக்கிலும் ஏறும். ஒருவர் தவறினால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது, முழு டேக்கும், அதாவது தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்த பதிவும், போகும். வேகமான பாடல்களை முதலில் எடுத்தோம். அவற்றில் ஒன்று நினைத்ததைவிட நிறைய டேக் சாப்பிட்டுவிட்டது. கடைசியில் பாலட் என்கிற மெதுவான பாட்டு மட்டும் மீதி இருந்தது, அதற்குப் பிறகு ஸ்டுடியோவை வேறு குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள்.

மெதுவான பாட்டு என்றால் சுலபம் என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். சோர்ந்த உதட்டுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. நீளமான சுரம், மெல்லிய சத்தம், மறைத்துக்கொள்ள இடமே இல்லை. முதல் டேக்கில் மூன்றாவது பாரிலேயே சுரம் உடைந்தது. அடுத்ததில் தொடங்கவே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. அவர் டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு நாள் வாங்க அவரிடம் பணம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

டிரம்ஸ் வாசித்தவர் எங்களில் மூத்தவர். குச்சியைக் கீழே வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டே, "மெட்டை பேஸ் பாடட்டும். நீ உட்கார், கடைசி எட்டு பாருக்கு மட்டும் வா, மியூட் போட்டுக்கொண்டு வா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. (மியூட் என்பது டிரம்பெட்டின் வாயில் செருகிச் சத்தத்தை மாற்றும் அடைப்பு.)

அந்தப் பாட்டு டி ஃபிளாட் மேஜர் என்ற சுர வரிசையில் இருந்தது. டபுள் பேஸின் நான்கு தந்திகளும் ஒலிக்கும் சுரங்கள் ஈ, ஏ, டி, ஜி. டி ஃபிளாட் மேஜரில் இந்த நான்கில் ஒன்றுகூட கிடையாது. விரல் வைக்காமல் தந்தியை அப்படியே ஒலிக்கவிட்டு மூச்சு வாங்க ஓர் இடம்கூட இல்லை, ஒவ்வொரு சுரத்தையும் இடது கையால் தேடிப் பிடித்து அழுத்தி, அது பிசகாமல் காப்பாற்ற வேண்டும். அதுவும் டிரம்பெட்டுக்காக எழுதிய மெட்டு, நீளமாக இழுக்கும் மெட்டு. தந்தியைச் சுண்டினால் சுரம் பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். அதனால் நான் மெட்டை நீட்ட முயற்சி செய்யவில்லை, பல இடங்களில் பாதிச் சுரங்களை விட்டுவிட்டு மீதியை வைத்தே வாக்கியத்தை முடித்தேன். பிரிட்ஜ் என்கிற, நடுவில் மெட்டு மாறும் பகுதியில் டிரம்ஸ்காரர் பிரஷ்ஷையும் விட்டுவிட்டு வெறும் கையால் டாம் என்ற டிரம் மேல் தடவினார், ஒரே ஒரு முறை சிம்பலைத் தொட்டார். கடைசி எட்டு பாரில் டிரம்பெட் வந்தது. ஹார்மன் மியூட்டை மைக்கோடு ஒட்டிவைத்து, இருந்த கொஞ்ச உதட்டையும் அதில் கொடுத்தார். ஒரே டேக். ஆல்பத்தின் கடைசிப் பாடலாக அதைத்தான் வைத்தோம். என் வாழ்க்கையில் நான் பெருமைப்படும் பதிவு அது.

ஆல்பம் வந்தது, ஒரு விமர்சனமும் வந்தது. நல்ல விமர்சனம். அந்தக் கடைசிப் பாடலைத்தான் அதிகம் பாராட்டியிருந்தார் எழுதியவர். தலைவர் தன் மெட்டைத் தானே வாசிக்காமல் விலகி நின்ற முதிர்ச்சி, கடைசி வரை காத்திருந்த துணிச்சல் என்றெல்லாம் ஒரு முழுப் பத்தி. பேஸ் வாசித்தவன் பெயர் இல்லை. டிரம்ஸ் வாசித்தவர் பெயர் இல்லை. ஏழு நிமிடப் பாடலில் அந்த எட்டு பார் போக மற்றதெல்லாம் நாங்கள் இருவர் மட்டும் வாசித்தது, அதற்கு இரண்டு பெயர் எழுத இடம் கிடைக்கவில்லை.

டிரம்பெட்காரர் எங்களைவிட அதிகம் சங்கடப்பட்டார், அதையும் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து மேடையில் அந்தப் பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் பெயரைச் சொல்கிறார். மூத்தவர் விமர்சனத்தை முழுதாகப் படித்துவிட்டு, பிரிட்ஜில் தொட்ட அந்த சிம்பல் முழுக்க அடங்கும்வரை மிக்ஸிங்கில் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். விட்டிருந்தார்கள். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை, இன்றும் போதவில்லை.

விமர்சகர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. டிரம்பெட்டில் ஹார்மன் மியூட் போட்டாலே ஏன் மைல்ஸ் டேவிஸ் பெயரை எழுதுகிறார்கள்? அந்த மியூட்டின் நடுவில் இருக்கும் தண்டை எடுத்துவிட்டு மைக்கோடு ஒட்டி வாசிக்கும் முறையை அவர் பிரபலமாக்கினார், மறுக்கவில்லை. அவர் இறந்தது 1991இல். அதற்குப் பிறகு மியூட் போட்ட ஒவ்வொருவரும் அவருடைய நிழலில்தான் நிற்க வேண்டுமா? டிரம்பெட் கலைஞர் அம்ப்ரோஸ் அகின்முசிரே 2023இல் கிட்டார் வாசிக்கும் பில் ஃப்ரிஸெல், டிரம்ஸ் வாசிக்கும் ஹெர்லின் ரைலி என்று மூன்றே பேராக 'அவுல் சாங்' ஆல்பத்தைக் கொடுத்தார், பேஸ்கூட இல்லாமல். (பேஸ்காரனான நானே சொல்கிறேன், அதில் பேஸ் இல்லாதது குறையாகவே தெரியவில்லை.) இப்படி வாசிப்பவர்கள் இன்று இருக்கும்போது அறுபது வருடப் பழைய அளவுகோலையே நீட்டுவது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அப்புறம் ஸ்ட்ரீமிங். எல்.பி. தட்டு காலத்தில் பின்னட்டையைத் திருப்பினால் யார் எந்தக் கருவி என்று அச்சிட்டிருக்கும். எங்கள் ஆல்பத்தை ஏற்றும்போது படிவத்தில் மூன்று பேர் பெயரும் கருவியும் நிரப்பித்தான் கொடுத்தோம். நான் பார்த்த ஒரு பெரிய செயலியில் தலைவர் பெயர் மட்டும் வந்தது. கேட்டு எழுதினோம், இன்றுவரை பதில் இல்லை. பணத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி தரும் டிஜிட்டல் ராயல்டியைச் சட்டமே பிரிக்கிறது: பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45 சதவீதம், எங்களைப் போலக் கூட வாசிக்கும் கருவிக்காரர்கள் எல்லோருக்குமாக 2.5 சதவீதம், கூடப் பாடுபவர்களுக்கு 2.5 சதவீதம். வேண்டிய பாடலைத் தேர்ந்தெடுத்துக் கேட்கும் செயலிகளுக்கு அந்தப் பங்கீடுகூட கிடையாது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. பெரும்பாலும் எழுதியிருக்காது, அன்றைய கூலியோடு சரி. இது உங்கள் கேள்வியில் இல்லைதான், ஆனால் "யாராக இருந்தாலும் ஒன்றுதானே" என்ற எண்ணம் ரசிகர்களிடம் மட்டும் இல்லை என்று காட்டவே சொன்னேன்.

அந்தப் புது ஆல்பத்தைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். இன்னொரு முறை போட்டு, டிரம்பெட் நிற்கும் இடத்தில் பேஸ் எங்கே போகிறது என்று மட்டும் பின்தொடருங்கள். திரும்ப டிரம்பெட் நுழையும்போது அவர் எடுக்கும் முதல் சுரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், பல நேரம் பியானோவோ டிரம்ஸோ அதற்கு முந்தின பாரில் கொடுத்ததாக இருக்கும். எந்த ஆல்பம் என்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. கீழே எழுதுங்கள், மூன்று பேரின் பெயரையும் தேடிப்பிடித்துச் சேர்த்து எழுதுங்கள், நானும் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.