அந்த நாற்காலியை யார் போட்டது?

கேள்வி: எங்கள் வீட்டு விருந்தில் தம்பியின் ஐந்து வயது மகன் நீச்சல் குளத்தில் விழுந்துவிட்டான். ஒரு சத்தமும் கேட்கவில்லை. தூக்கிக் காப்பாற்றிவிட்டோம், சில நாள் மருத்துவமனையில் இருந்தான். குளத்துக்கு வேலி உண்டு. தட்டுகளோடு போய்வர வசதியாக அன்று கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்திருந்தோம். 'குழந்தைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு' என்று பெரிய எழுத்தில் பலகையும் இருக்கிறது. தம்பி மருத்துவச் செலவைக் கேட்கிறான். சட்டப்படி நான் தர வேண்டுமா?

பதில்: பலகையின் எழுத்து எவ்வளவு பெரியது என்பதுவரை எழுதிய நீங்கள், நாற்காலியை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

குளத்துக் கதவு தானாகச் சாத்திக்கொண்டு தானாகத் தாழ் விழும்படி ஏன் அமைக்கிறார்கள்? பெரியவர்கள் மறந்துபோவார்கள் என்பதால்தான். இருந்த ஒரே காவலையும் தட்டு தூக்கும் வசதிக்காக நீங்களே விலக்கினீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவானா?

சத்தம் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்காது. மூழ்கும் குழந்தை மூச்சுக்குத் தவிக்கும். கூவ அதனால் முடியாது. ஒரு நிமிடத்துக்குள் அமிழ்ந்துவிடும்.

குளம் யார் பொறுப்பில் இருக்கிறதோ, வருகிறவர்களுக்குத் தீங்கு நேராமல் பார்ப்பது அவர் கடமை என்பதே பல நாடுகளின் சட்டம். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் எச்சரிக்கை இருக்காது என்பதை இடத்துக்குரியவர் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. தம்பியும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அவர் தலையிலும் ஒரு பங்கு விழலாம். அதற்காக உங்கள் பங்கு கரைந்துபோகாது.

வீட்டுக் காப்பீட்டில் பிறருக்கு நேரும் காயமும் அடங்குமா என்று இன்றே பாருங்கள். அடங்கினால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்; தாமதம் அவர்கள் கைவிரிக்கக் காரணமாகலாம். வழக்கறிஞரிடமும் போங்கள். பலகையின் படத்தை நீட்டுவதற்கு முன் நாற்காலியைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தகப்பனுக்குப் பின் தமையன் என்று கேட்டு வளர்ந்தவள் நான். பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. வழக்கறிஞரைப் பார்க்கும்வரை தம்பி வீட்டுப் படியேறக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. நாளைக் காலையில் போய் அந்தப் பிள்ளையைப் பாருங்கள்.