சவுனாவுக்குள் போகும் முன்: வாசகர் கேள்வி பதில்

பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். அங்குள்ள சவுனாக்களோ, அதாவது வெப்பக் குளியல் அறைகளோ, ஏறத்தாழ 30 லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இந்த வெப்பக் குளியல் இடம்பெற்றது. வேலைக்கும் படிப்புக்கும் அங்கே போகிறவர்களும் அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

எஸ்போவில் வேலைக்குச் சேரப் போகிறேன். சவுனாவுக்குள் 80 டிகிரி இருக்கும் என்கிறார்கள். தண்ணீர் அந்தச் சூட்டில் இருந்தால் தோல் வெந்துவிடுமே! எப்படி உட்கார்கிறார்கள்? எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?
(கோவை வாசகர்)

தண்ணீர் அளவுக்குக் காற்று சூட்டை உடலுக்குள் தள்ளாது. அதோடு, சூடேறிய சவுனாவின் காற்று மிகவும் உலர்ந்தது; ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். வியர்வை உடனுக்குடன் ஆவியாகித் தோலைக் குளிர்விக்கிறது. அடுப்பின் மேலுள்ள கற்களில் ஒரு கரண்டி தண்ணீர் விழுந்ததும் நிலைமை மாறும். எழும் ஆவி, தன்னைவிடக் குளிர்ந்த உங்கள் தோலில் நீராகப் படிந்து, தன் வெப்பத்தை அங்கேயே விட்டுவிடும். வெப்பமானி அசையாவிட்டாலும் தோள்களில் திடீரென்று அனல் தழுவுவது இதனால்தான். இந்த ஆவியை 'லொய்லு' என்பார்கள். சவுனா நன்றாக இருந்ததா என்று பின்லாந்துக்காரர்கள் பேசிக்கொள்வது டிகிரியை வைத்து அல்ல, லொய்லுவை வைத்துத்தான்.

முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு உள்ளே போங்கள். மோதிரம், சங்கிலி, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். உலோகம் சூடேறிச் சுடும். சிறு துண்டை விரித்து அதன்மேல் உட்காருங்கள். உட்காரும் பலகைகள் படிபோல அமைந்திருக்கும்; முதல்முறை என்றால் கீழ்ப்படியில் தொடங்குங்கள். சூடான காற்று கூரையை ஒட்டித் தேங்குவதால், மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் எளிதாக வரும். பத்து நிமிடம் போல இருந்து, வெளியே வந்து ஆறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் போகலாம். இப்படி இரண்டு மூன்று சுற்று வழக்கம். ஆனால் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. உடம்பு போதும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்வதில் அங்கே யாருக்கும் பெருமை கிடையாது. முதலில் வெளியேறுகிறவரை யாரும் குறைவாக நினைப்பதும் இல்லை.

ஆடையில்லாமல்தான் போக வேண்டுமா? அலுவலக நண்பர்கள் அழைத்திருக்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.
(ஊர் குறிப்பிடாத வாசகி)

உங்கள் கூச்சம் இயல்பானது, அவர்களும் புரிந்துகொள்வார்கள். அலுவலகச் சவுனா மாலைகளில் பெரும்பாலும் பெண்களுக்கு ஒரு முறை, ஆண்களுக்கு ஒரு முறை என்று நேரம் பிரித்துவிடுவார்கள். இருபாலரும் சேர்ந்து போகும் இடங்களில் நீச்சல் உடை அணிவதே பொதுவான வழக்கம். குடும்பத்துக்குள் எல்லோரும் ஆடையின்றி ஒன்றாகப் போவதும் உண்டு. அதில் பாலியல் பொருள் எதுவும் கிடையாது. துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். 'இன்றைக்கு வேண்டாம், வெளியே உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்' என்று சொன்னாலும் மரியாதைக் குறைவாகாது.

நகராட்சி நீச்சல் கூடங்களில் மட்டும் கவனம் தேவை. அங்கே பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிச் சவுனா. நீச்சல் உடையோடு அதற்குள் போகத் தடை. துணியில் ஊறிய குளோரின் நீர் வெப்பத்தில் ஆவியாகி, எல்லோருடைய மூச்சிலும் கலக்கும் என்பதும் சுகாதாரமும்தான் காரணம். எந்தச் சவுனாவுக்குள்ளும் கைபேசியைக் கொண்டுபோகாதீர்கள்.

எங்கள் அடுக்குமாடியில் மின் அடுப்புச் சவுனா இருக்கிறது. நிறையத் தண்ணீர் ஊற்றினால் நிறைய ஆவி வரும் என்று ஊற்றினால், ஆவியே வராமல் சூடும் இறங்கிவிடுகிறது. ஏன்?
(ஔலுவில் படிக்கும் மதுரை மாணவர்)

ஒரே மூச்சில் ஊற்றுவதுதான் தவறு. மேல்வரிசைக் கல் குளிர்ந்துபோக, மீதித் தண்ணீர் ஆவியாகாமல் இடுக்குகள் வழியே கீழே வடிந்துவிடும். சூடேறிய மின்கம்பிச் சுருள்களுக்கும் அது கேடு. ஒரு தடவைக்கு அரைக் கரண்டி, அதாவது 100 மில்லி அளவு, கற்கள் மேல் பரவலாகத் தெளியுங்கள். ஆவி பரவி அடங்கும்வரை பொறுத்து அடுத்த கரண்டி. வெதுவெதுப்பான தண்ணீர் இன்னும் நல்லது. அடுப்பு சூடேறியதும் அவசரப்படாதீர்கள். காற்று சூடாகியும் கல்லின் உட்புறம் குளிர்ந்தே இருக்கலாம். முக்கால் மணி நேரமாவது விடுங்கள். பிறரும் உள்ளே இருந்தால், 'ஊற்றட்டுமா?' என்று கேட்ட பிறகே கரண்டியை எடுங்கள். சவுனாவின் முதல் நாகரிகம் அதுதான்.

அப்படியும் ஆவி சோகையாக வந்தால் கற்களைப் பாருங்கள். மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்வதால் கல் உள்ளுக்குள் விரிசல் விட்டு மணலாக உதிரும். அந்தப் பொடி இடுக்குகளை அடைத்தால் காற்றோட்டம் நின்று, மின்சுருள் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, அடுப்பு ஆறியிருக்கும்போது, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கற்களை இறக்கிக் கழுவி, உதிர்வதை நீக்கி, பெரியவை கீழும் சிறியவை மேலுமாக நெருக்காமல் அடுக்க வேண்டும். சுருள்களுக்கு நடுவே கல்லைத் திணிக்கக் கூடாது. இதற்கென்றே விற்கும் ஒலிவின் டயபேஸ் போன்ற கற்கள் மட்டும் போதும். ஆற்றங்கரையில் பொறுக்கியது சூட்டில் வெடிக்கலாம். உங்களுடையது குடியிருப்புக்குப் பொதுவான சவுனா என்றால் இந்த வேலை நிர்வாகத்தினுடையது, அவர்களிடம் சொல்லுங்கள்.

நீலகிரித் தைலம் விடலாமா? உடம்பில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு போகலாமா?
(திண்டுக்கல் வாசகி)

தைலத்தை நேராகக் கல்லில் விடவே கூடாது, தீப்பற்றும். வாளித் தண்ணீரில் சில சொட்டுக் கலந்து தெளிக்கலாம், அதுவும் உடனிருப்பவர்கள் சம்மதித்தால். எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவது வேண்டாம். படிகள் பூச்சில்லாத மரப்பலகைகள். கறை போகாது, வழுக்கவும் செய்யும். நம் ஊர் எண்ணெய்க் குளியலைப் போலவே அவர்களுக்கும் சனிக்கிழமைதான் சவுனா நாள் என்றாலும், அங்கே வேலை செய்வது வியர்வைதான்.

நறுமணம் வேண்டுமென்றால் அவர்கள் நாடுவது பிர்ச் மரக் கிளைக் கொத்தை. மேற்கில் 'விஹ்தா' என்றும் கிழக்கில் 'வஸ்தா' என்றும் பெயர். ஜூன் கடைசியில், இலை இளசாகவும் உறுதியாகவும் இருக்கும்போது, முழங்கை நீளக் கிளைகளை ஒடித்து அடிப்பகுதியில் கட்டுவார்கள். குளிர்காலத்துக்கு உறைபெட்டியில் வைப்பதும் உலர்த்தி வைப்பதும் உண்டு. உலர்ந்ததை வெந்நீரில் அரைமணி போல ஊறவைத்தால் இலை நெகிழும்; அவசரப்பட்டால் முதல் வீச்சிலேயே இலைகள் உதிர்ந்து தரையை நிறைக்கும். அந்தக் கொத்தால் தோள், முதுகு, கால் என்று மெல்லத் தட்ட வேண்டும். வலிக்கக் கூடாது.

மகள் வீட்டுக்கு ஹெல்சிங்கி போகிறோம். எனக்கு வயது 63, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். சவுனா போகலாமா? பனியில் துளையிட்டுக் குளிக்கிறார்களாமே?
(திருச்சி வாசகர்)

அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் பலருக்கு மிதமான சவுனா ஒத்துக்கொள்கிறது. ஆனாலும் புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், நெஞ்சுவலி கட்டுக்குள் வராதவர்களும், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களும் போகவே கூடாது. வெப்பத்தில் ரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும். மாத்திரையும் சேர்ந்தால் எழும்போது தலைசுற்றும். கீழ்ப்படியில் உட்கார்ந்து, எழும் முன் ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு, பிடிமானத்தோடு எழுந்திருங்கள். தனியாகப் போக வேண்டாம். மது அருந்திவிட்டு ஒருபோதும் வேண்டாம்.

குவோப்பியோ பகுதியில் 2,315 நடுத்தர வயது ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. வாரம் 4 முதல் 7 முறை சவுனா போனவர்களிடையே, ஒரே முறை போனவர்களைவிட, திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. சவுனாதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. மாத்திரைக்கு மாற்றாக எண்ணிவிடாதீர்கள்.

பனித்துளைக் குளியல் உங்களுக்கு வேண்டாம். தோல் குளிர்ந்த நொடியில் மூச்சு திணறி, நாளங்கள் இறுகி, அழுத்தம் சட்டென்று ஏறும். ஆரோக்கியமான இளைஞர்களும் குதிக்கக் கூடாது. காலில் ரப்பர் செருப்போடு ஏணி வழியே மெல்ல இறங்கி, மூச்சை நீளமாக விட்டுக்கொண்டு, தலையை நனைக்காமல், அரை நிமிடத்துக்குள் ஏறிவிட வேண்டும். நீங்கள் வாசலில் குளிர்காற்றில் நின்று ஆறினாலே போதும்.

உடல் எடை குறையுமா?
(சேலம் வாசகர்)

குறைவது வியர்வைதான். தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

சுற்றுலாப் பயணிகள் எந்தச் சவுனாவுக்குப் போகலாம்?
(புதுச்சேரி வாசகர்)

தாம்பரே நகரின் பிஸ்பாலா பகுதியிலுள்ள ராயபோர்த்தி. 1906இல் திறந்து இன்றுவரை இயங்கும் இதுதான் நாட்டின் மிகப் பழைய பொதுச் சவுனா. அதன் பெரிய கல் அடுப்பை விறகிட்டு முன்கூட்டியே சூடேற்றிவிடுகிறார்கள். அந்த ஆவியின் மென்மை சிறிய மின் அடுப்பில் கிடைக்காது. ஹெல்சிங்கியில் கல்லியோ பகுதியின் கோத்திஹார்யு 1928 முதல் இருக்கிறது. ஆடையில்லாமல் போகத் தயக்கமென்றால், அதே நகரின் கடலோரத்தில் 2016இல் திறக்கப்பட்ட, 'லொய்லு' என்றே பெயருள்ள சவுனா உங்களுக்கு வசதி; அங்கே இருபாலருக்கும் பொது, நீச்சல் உடை கட்டாயம், முன்பதிவு செய்துகொள்வது நல்லது. துண்டும் குடிதண்ணீரும் மறக்க வேண்டாம்.