காரைக்குடியில் படிக்க வந்திருக்கிறேன்; கைச்செலவுக்குப் பணம் குறைவு. எங்கே சாப்பிடலாம், விடுமுறையில் எங்கே போகலாம்?

முதலில் சாப்பாடு. 'செட்டிநாடு' என்று பெரிய பலகை வைத்த இடங்களை மாதம் ஒருமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் உண்மையான ருசி மாலைப் பலகாரத்தில்தான் இருக்கிறது. வெள்ளைப் பணியாரத்தைக் கட்டாயம் சாப்பிடுங்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்றி, நிறம் மாறாமல் எடுப்பார்கள். சூடாக, வரமிளகாய்ச் சட்னியோடு சாப்பிட வேண்டும். ஆறிவிட்டால் பாதி சுகம் போய்விடும். இனிப்புக்குக் கந்தரப்பம். கவுனி அரிசி கிடைத்தால் விடாதீர்கள். கறுப்பரிசியை ஊறவைத்து வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்தது, வயிறும் நிறையும். தேன்குழல், சீப்புச் சீடை வாங்கி வைத்தால் விடுதியில் ராத்திரிப் படிப்புக்கு ஆகும்.

சுற்றுவதற்கு என் முதல் தேர்வு திருமயம். புதுக்கோட்டைப் பேருந்தில் ஏறினால் போதும். கோட்டை 1687இல் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டியது. மேலே பீரங்கி மேடையிலிருந்து சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அருகருகே குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுங்கள்.

ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பார்க்கலாம். செட்டிநாட்டு மாளிகைகள் நிறைந்த கானாடுகாத்தான் தெருக்களில் நடக்கக் காசு வேண்டாம். வீடுகளுக்குள் போவதானால் அனுமதி கேளுங்கள், பல வீடுகளில் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளையார்பட்டிக் கோயிலும் குன்றக்குடிக் கோயிலும் ஒரே நாளில் முடியும். அப்புறம், குளிர்காலத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. நீங்களும் அங்கே சத்தமில்லாமல் இருங்கள்.