விசாரணைக்குப் போகாத தம்பி

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தம்பியை, மேற்பார்வையாளரை அடிக்கப் பாய்ந்தான் என்று சொல்லிச் சென்ற மாதம் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். அதற்கு முன் நிர்வாகம் நடத்திய உள்விசாரணை வெறும் கண்துடைப்பு, போகாதே என்று நான்தான் தடுத்தேன். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போவதில் நன்மை அதிகமா, தீமை அதிகமா? நிர்வாகம் தரும் தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாமா?

சி.

அன்புள்ள சி.,

நன்மைகளில் பெரியது, போன வேலையையே திருப்பித் தரும் அதிகாரம். சிவில் நீதிமன்றம் பெரும்பாலும் இழப்பீட்டோடு நின்றுவிடும். வக்கீல் இல்லாமல் தொழிற்சங்க நிர்வாகியே வாதாடலாம். குற்றம் மெய்யானாலும் தண்டனை மிகை என்று கண்டால் குறைக்கலாம் என்பது 1971-இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் சேர்ந்த 11-ஏ பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த அதிகாரம் தொடர்கிறது. தீமை, தாமதம். தீர்ப்பு வரும்வரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எந்தப் பிரிவும் சொல்வதில்லை.

என் கோபம் உங்கள்மேல்தான். கண்துடைப்பு என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கண்துடைப்பில் எழுதப்படும் தாள்கள்தாம் பிறகு நீதிமன்றத்தின் மேசைக்குப் போகின்றன என்பது தெரியாமலா ஊருக்கு யோசனை சொல்லப் புறப்பட்டீர்கள்? நோட்டீஸ் கொடுத்தும் தொழிலாளி வராவிட்டால் விசாரணையை ஒருதலையாக முடிக்கலாம். முறையாக அழைத்தோம், அவன்தான் வரவில்லை என்று நிர்வாகம் சொல்லும்போது உங்கள் தம்பி என்ன பதில் சொல்வான்? விசாரணை முறையற்றது என்று நீதிமன்றம் தள்ளினாலும் கதை முடியாது. நிர்வாகம் உரிய நேரத்தில் கேட்டிருந்தால், அங்கேயே புதிதாகச் சாட்சியம் வைக்க அதற்கு வாய்ப்புண்டு.

கோவையில் ஒரு மில்லில் நான் வேலை பார்த்த காலத்தில், ஸ்பின்னிங் பிரிவிலிருந்த ஒருவருக்கு உதவியாளாக உள்விசாரணையில் உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர் அவர். இரவு ஷிப்டில் அடிதடியைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன சாட்சியிடம், "அன்னைக்கு உனக்கு எந்த ஷிப்டுங்க தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பகல் ஷிப்ட்" என்றான் அவன். விசாரணை அதிகாரி அதை எழுதாமல் அடுத்த கேள்விக்குத் தாவப் பார்த்தார். எழுதினால்தான் கையெழுத்து என்று இவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் அவரை வேலையில் சேர்க்கச் சொன்னபோது, தீர்ப்பு சுட்டிக்காட்டியது அந்த ஒரு வரியைத்தான்.

தம்பிமேல் உங்களுக்குள்ள பாசம் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். தொகையை வாங்குவதா வேண்டாமா என்பதை அவன் வீட்டு நிலைமை அறிந்த அவனே முடிவு செய்யட்டும். அதுவரை 'முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்ற எந்தத் தாளிலும் அவன் கையெழுத்துப் போடக் கூடாது. விசாரணை அறிக்கையின் நகலைப் பதிவுத் தபாலில் கேட்கட்டும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுவை இந்த வாரமே கொடுக்கட்டும். பழைய சட்டத்தின் மூன்று ஆண்டுக் கெடு இப்போது இரண்டாகச் சுருங்கிவிட்டது.