ஐஸ் வாளி, ஏசி, பழுப்புக் கொழுப்பு

கொழுப்பை எரிக்கிற பழுப்புக் கொழுப்பு என்று ஒன்றும் நம் உடம்பில் இருக்கிறது என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், நான் முழுப் பக்கம் எழுதிய எதற்கும் வந்ததில்லை. ஆகவே இந்த முறை அது மட்டும்தான்.

கேள்வி: எனக்கு வயது 61. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். ஐஸ் தண்ணீரில் குளித்தால் பழுப்புக் கொழுப்பு வேலை செய்து ரத்தக்குழாய் அடைப்பு கரையும் என்று மகன் வீடியோ அனுப்பினான். பதினைந்து நாளாக வாளியில் நாலு ட்ரே ஐஸ் கட்டியைப் போட்டுக் குளிக்கிறேன். முதல் சொம்பு ஊற்றும்போது மூச்சு அடைக்கிறது. போகப் போகப் பழகிவிடுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, நாளைக் காலையிலிருந்து ஐஸ் ட்ரே ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். உங்கள் இதய டாக்டரை இந்த வாரமே பார்த்து, மூச்சு அடைப்பதைச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் சட்டென்று தோலில் பட்டதும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், நாடி படபடக்கும். இருபது வயதுப் பையனுக்கு அது ஒரு சிலிர்ப்பு. ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு அந்த நேரத்தில் வேலை கூடுகிறது, கிடைக்கிற ரத்தமோ குறையலாம்.

மகன் அனுப்பிய வீடியோ முழுப் பொய் அல்ல, பாதிக் கதை. பழுப்புக் கொழுப்பு தூண்டப்பட்டால் ரத்தத்தில் மிதக்கும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை இழுத்து எரிக்கும். எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் 2015இல் எலிகளின் பழுப்புக் கொழுப்பை மருந்தால் தூண்டினார்கள். கொலஸ்ட்ரால் இறங்கியது, ரத்தக்குழாய்ப் படிவும் குறைந்தது. வீடியோ இங்கே முடிந்திருக்கும்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2013இல், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தார் வேறு வகை எலிகளைக் குளிரில் வைத்தார்கள். அவற்றுக்குப் படிவு கூடியது. இரண்டும் நல்ல ஆய்வுகள்தான், வித்தியாசம் எலியில். பழுப்புக் கொழுப்பு ட்ரைகிளிசரைடை உறிஞ்சிக்கொண்டபின் கொலஸ்ட்ரால் மிகுந்த சக்கை ஒன்று ரத்தத்தில் மிஞ்சும். அதைக் கல்லீரல் வாங்கிக்கொள்ள வேண்டும். லைடன் எலிகளுக்குக் கல்லீரலின் அந்தக் கதவு திறந்திருந்தது. ஸ்டாக்ஹோம் எலிகளுக்கு மரபணுவை மாற்றி, கதவையே எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் சக்கை தேங்கியது.

உங்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. ராத்திரி கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை போடுகிறீர்கள் அல்லவா? அது செய்கிற வேலையே கல்லீரலில் அந்தக் கதவுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான். ஐஸை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பழுப்புக் கொழுப்பு பிறந்த குழந்தைகளுக்கு மட்டும்தான், வளர வளர மறைந்துவிடும் என்று படித்தோம். பெரியவர்களுக்கும் உண்டா, சார்?
- நர்ஸிங் மாணவி, சேலம்

பதில்: நானும் அப்படித்தான் படித்தேன் அம்மா. அப்படிப் படித்ததால் ஒரு குடும்பத்தை அழவும் வைத்தேன்.

குளுக்கோஸை அதிகமாக எரிக்கும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் பார்ப்பது என் தொழில். இருபது வருஷத்துக்கு முன்னால், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 22 வயதுப் பெண் மறுபரிசோதனைக்கு வந்தாள். ஒல்லியான பெண், டிசம்பர் மாசம், மெல்லிய ஆஸ்பத்திரி கவுன். ஊசியில் கதிரியக்கக் குளுக்கோஸ் ஏற்றியபின் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வைப்போம். அந்த அறையில் ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. படம் வந்தால், கழுத்தின் இரண்டு பக்கமும், காறை எலும்புக்கு மேலேயும், முதுகெலும்பை ஒட்டியும் தீபாவளி மாதிரி ஒளிர்கிறது. ‘நோய் திரும்பியிருப்பதை மறுக்க முடியாது’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அப்பா வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூத்த டாக்டர் ஒருவர் சிடி படத்தை மட்டும் தனியாக விரித்துப் பார்த்தார். “ஒளிர்கிற இடத்தில் நெறிகட்டி எங்கே இருக்கிறது? வெறும் கொழுப்புதானே கருப்பாகத் தெரிகிறது?” என்றார். பத்து நாள் கழித்து ஏசியை அணைத்து, கம்பளி போர்த்தி உட்கார வைத்து மறுபடி எடுத்தோம். கழுத்து இருண்டு கிடந்தது. அவளுக்கு நோய் இல்லை, குளிர்தான் அடித்திருக்கிறது. குளிருக்கு அவளுடைய பழுப்புக் கொழுப்பு குளுக்கோஸை அள்ளி எரித்திருக்கிறது. எங்களுக்கு அது படத்தைக் கெடுக்கும் தொல்லை, அவ்வளவுதான். பல நாட்டு ஸ்கேன் அறைகளிலும் இதே தொல்லைக்கு இதே கம்பளிதான் வைத்தியம்.

அந்தத் தொல்லையைத்தான் 2009இல் மூன்று குழுக்கள் ஆராய்ச்சியாக்கின. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் மூன்றையும் ஒரே இதழில் வெளியிட்டது. பாஸ்டன் குழு 1,972 பேரின் பழைய ஸ்கேன்களைப் புரட்டியது: பெண்களில் 7.5 சதவீதம், ஆண்களில் 3.1 சதவீதம் பேருக்கு ஒளிர்ந்திருந்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு 24 இளைஞர்களை 16 டிகிரி அறையில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்தது: 23 பேருக்கு ஒளிர்ந்தது! பின்லாந்தின் டுர்க்கு குழு அந்த இடத்தில் சதைத் துணுக்கு எடுத்தே உறுதி செய்தது.

உன் தேர்வுக்கு உதவும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அணையில் தேங்கிய தண்ணீரைச் சுழலி வழியாக விட்டால் மின்சாரம். சாதாரண செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா அப்படித்தான் ஏடிபி என்ற எரிபொருளைச் செய்கிறது. பழுப்புக் கொழுப்பில் யுசிபி1 என்ற புரதம் பக்கத்து மதகைத் திறந்துவிடுகிறது. தண்ணீர் சும்மா பாய்கிறது, எரிந்ததெல்லாம் சூடாகவே போகிறது. நடுங்கத் தெரியாத பச்சைக் குழந்தை இப்படித்தான் தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக இருப்பதாலும் அவற்றில் இரும்பு இருப்பதாலும்தான் அந்தப் பழுப்பு நிறம்.

இதய நோய்க்கு வருவோம். நியூயார்க்கில் 52,487 பேரின் 1,34,529 ஸ்கேன்களைப் பார்த்து 2021இல் ஒரு கட்டுரை வந்தது. சுமார் பத்தில் ஒருவருக்குப் பழுப்புக் கொழுப்பு தெரிந்தது. அவர்களில் சர்க்கரை நோயாளிகள் 4.6 சதவீதம், தெரியாதவர்களில் 9.5. இதய ரத்தக்குழாய் நோயும் உயர் ரத்த அழுத்தமும்கூடக் குறைவு, அதுவும் பருமனானவர்களிடம் இந்த வித்தியாசம் தூக்கலாக இருந்தது. படித்ததும் எனக்கும் உற்சாகம்தான். ஆனால் அவர்கள் எல்லோரும் புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தவர்கள். பழுப்புக் கொழுப்பு இதயத்தைக் காத்ததா, நல்ல உடம்பில் பழுப்புக் கொழுப்பும் நிலைத்ததா என்பதைப் பழைய ஸ்கேன்களைப் புரட்டித் தீர்க்க முடியாது.

கேள்வி: ஏசியை 18இல் வைத்துத் தூங்கினால் எடை குறையுமா?
- வாசகி, சென்னை 

பதில்: கரண்ட் பில் கூடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஐந்து ஆண்களை மாதக்கணக்கில் அறையின் வெப்பத்தை மாற்றி மாற்றித் தூங்க வைத்தார்கள். 19 டிகிரியில் ஒரு மாதம் தூங்கியதில் பழுப்புக் கொழுப்பு 42 சதவீதம் கூடியது. அடுத்து 24 டிகிரியில் ஒரு மாதம், பிறகு 27 டிகிரியில் ஒரு மாதம் தூங்கியதும் அது இறங்கிவிட்டது. உடல் எடை அசையவில்லை. இன்னொன்று, அவர்களுக்குக் கொடுத்தது மெல்லிய உடையும் படுக்கை விரிப்பும் மட்டும். நம் வீடுகளில் ஏசியை 18இல் வைத்துவிட்டு ரஜாயை மூக்குவரை இழுத்துக்கொள்கிறோம். உள்ளே இருப்பது 18 டிகிரி அல்ல.

கேள்வி: பழுப்புக் கொழுப்பைத் தூண்டும் மஞ்சள் பொடி என்று ஆன்லைனில் விற்கிறார்கள். ஜிம்மில் நண்பன் சாப்பிடுகிறான். வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம் தம்பி. எடை குறைக்க மஞ்சள் பொடி என்றதுமே எனக்கு டைநைட்ரோஃபீனால் ஞாபகம்தான் வருகிறது. முதல் உலகப் போரில் பிரான்ஸின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள், காய்ச்சல் கண்டார்கள், சிலர் இறந்தார்கள். 1933இல் ஸ்டான்ஃபோர்டில் அதையே எடை குறைக்கும் மருந்தாக்கினார்கள். எடை வேகமாகக் குறைந்தது. கூடவே கண்புரை, மரணங்கள். அமெரிக்காவில் 1938இல் புதிய மருந்துச் சட்டம் வந்தபின் அது மருந்தாக இல்லை. மேலே சொன்ன மதகு பழுப்புக் கொழுப்பில் மட்டும், உடம்பு கேட்டால் மட்டும் திறக்கும். இந்தப் பொடியோ உடம்பு முழுக்க எல்லா அணைக்கும் கரையை உடைத்துவிடும். மூட ஆளில்லை, முறிவு மருந்தும் இல்லை. நண்பனிடம் இருப்பது இதுதானா என்று எனக்குத் தெரிய வழியில்லை. அவனுக்குத் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டினால், டப்பாவோடு அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போ.

முறையான மருந்திலும் முயன்றார்கள். மிராபெக்ரான் என்பது அடிக்கடி சிறுநீர் போவதற்கான மாத்திரை, வழக்கமான அளவு 50 மில்லிகிராம் வரை. 2015இல் 12 இளைஞர்களுக்கு 200 கொடுத்துப் பார்த்தார்கள். பழுப்புக் கொழுப்பு நன்றாக ஒளிர்ந்தது, நாளைக்குச் சுமார் 200 கலோரி கூடுதலாக எரியும் கணக்கு. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே ஏறின. இதயத்தைக் காக்கக் கிளம்பிய மருந்து அதற்கே சுமை ஏற்றினால் என்ன செய்வது?

கேள்வி: பழுப்பு அரிசி, பழுப்புச் சர்க்கரை மாதிரி, பழுப்புக் கொழுப்பு எந்த எண்ணெயில் அதிகம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: எந்த எண்ணெயிலும் இல்லை அம்மா. அது சமையலறைச் சாமான் இல்லை, உயிருள்ள திசு.

கேள்வி: இந்தியர்களுக்கு இது குறைவு என்கிறார்களே? உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நெதர்லாந்தில் வாழும் தெற்காசிய வம்சாவளி இளைஞர்கள் 12 பேரை, அங்கத்திய வெள்ளையர் 12 பேரோடு ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. நம் பக்கத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. நமக்குச் சர்க்கரையும் மாரடைப்பும் சீக்கிரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். 24 பேரை வைத்து ஒரு துணைக்கண்டத்துக்கே ஜாதகம் எழுத நான் தயாரில்லை.

எனக்கு எவ்வளவு என்று பார்த்ததில்லை. நோயில்லாத ஆளை இதற்காகக் கதிர்வீச்சு கொடுத்து ஸ்கேன் எடுப்பது அக்கிரமம். வயது 58, தொப்பையும் உண்டு. கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டிக்கிறது. அதிலிருந்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.